பாரமான சன்னத்துக்கு எந்தப் பவுடர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது ஆண்டுகளுக்கு மேல் மெல்பேணில் வாழ்ந்த காலத்தில், உரிமம் பெற்று, அங்குள்ள ஒரு ரைபிள் கழகத்தில் இலக்குச் சுடுதலில் ஈடுபட்டிருந்தேன்; என் ரவைகளை நானே நிரப்பினேன். இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள், அந்தந்த நாட்டுச் சட்டப்படி வேட்டைக்கோ இலக்குச் சுடுதலுக்கோ ரவை நிரப்பத் தொடங்கியதும், ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கொழும்பில் விளையாட்டுச் சுடுதலில் ஈடுபடும் நண்பர்களும் அறிவுக்காகக் கேட்பதுண்டு. தமிழில் இதை ஒழுங்காக எழுதியவர் எவரையும் நான் காணாததால், பதில்களை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

சொற்களை முதலில் வரையறுத்துவிடுகிறேன். குழலை விட்டு வெளியேறிப் பறப்பது சன்னம்; பித்தளைக் கூடு கோது; கோதின் அடியில் தீப்பொறி தருவது பிரைமர்; கோதுக்குள் எரிவது பவுடர்; இவை நான்கும் சேர்ந்து முழுமையானது ரவை. பவுடரையும் சன்னத்தையும் கிரெய்ன் என்ற அலகில் நிறுப்பார்கள். ஓர் இறாத்தலில் 7,000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 65 மில்லிகிராம். நம் பொற்கொல்லர்கள் முன்னர் எடையாகப் பயன்படுத்திய குன்றிமணி ஒன்று ஏறக்குறைய 2 கிரெய்ன் வரும். செட்டியார் தெரு நகைக்கடையில் தராசு முள் அசைவதை மூச்சை அடக்கிப் பார்த்திருப்பவர்களுக்கு, இந்தத் தொழிலுக்கு வேண்டிய கவனம் எத்தகையது என்று நான் விளக்கத் தேவையில்லை.

எந்தச் சன்னத்துக்கு எத்தனை கிரெய்ன் பவுடர் என்ற கணக்கு இந்தப் பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. அதைப் பவுடரையோ சன்னத்தையோ உற்பத்தி செய்பவர் வெளியிடும் நடப்பு அட்டவணையில் மட்டுமே பார்க்கவேண்டும்.

இலங்கையில் வீட்டிலே ரவை நிரப்பலாமா?

கூடாது. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுபடைக்கலன் கட்டளைச் சட்டமும், 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் இங்கே நடைமுறையில் உள்ளன. துவக்கு உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படவேண்டியது. வெடிமருந்தை அனுமதியின்றிச் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். வெளிநாட்டில் உரிமத்தோடு செய்த ஒன்றை, விடுமுறைக்கு வந்த இடத்தில் செய்து காட்டலாம் என்று எவரும் நினைக்கவேண்டாம். பவுடரையோ பிரைமரையோ பயணப் பெட்டியில் கொண்டுவருவது அதைவிடப் பெரிய தவறு.

பவுடர் என்பதும் பழைய கறுப்பு வெடிமருந்தும் ஒன்றா?

இல்லை. ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்த கலவையே கறுப்பு மருந்து. அதற்கான வெடியுப்பை நம் நாட்டு மலைக்குகைகளில், வௌவால் எச்சம் ஊறிய மண்ணிலிருந்து எடுத்தார்கள். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்த மருத்துவர் ஜோன் டேவி அந்த வேலையை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஒரு குகைக்கு இன்றும் வெடியுப்பின் ஆங்கிலப் பெயரே வழங்குகிறது.

இன்றைய ரைபிள் பவுடர் நைத்திரோசெலுலோசை அடிப்படையாகக் கொண்டது. பிரான்சில் போல் வியேய் 1884 இல் இதை ரைபிளுக்கு ஏற்ற வடிவில் செய்துகாட்டினார். 1887 இல் அல்பிரட் நோபல் நைத்திரோகிளிசரினையும் சேர்த்து பலிஸ்டைற் செய்தார்; 1889 இல் பிரித்தானியாவில் ஏபலும் டுவாரும் கோடைற் செய்தார்கள். இந்த வகைப் பவுடர் மிகக் குறைந்த புகையோடு எரிகிறது. ஒரே எடையில் கறுப்பு மருந்தைவிடப் பல மடங்கு வேலை செய்கிறது. கறுப்பு மருந்துக்கென்று செய்த பழைய துவக்கில் இதை இட்டால் குழல் பிளந்து, சுடுபவரின் கையையும் கண்ணையும் பறிக்கும். இரண்டும் கறுப்பாக இருப்பதை வைத்து ஒன்றென்று கொள்வதைவிட ஆபத்தான மயக்கம் இந்தத் துறையில் இல்லை.

பாரமான சன்னத்துக்கு மெதுவான பவுடர் வேண்டும் என்கிறார்களே, ஏன்?

இந்தப் பக்கத்தின் நடுக்கேள்வி இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பிரைமர் வெடித்துப் பவுடரில் தீப்பற்றியதும் கோதுக்குள் வாயு உண்டாகி அமுக்கம் ஏறுகிறது. சன்னம் நகரத் தொடங்கியதும் அதன் பின்னால் உள்ள கனவளவு கூடுவதால் அமுக்கம் தணியப் பார்க்கிறது. பவுடரோ மேலும் எரிந்து புதிய வாயுவைத் தந்துகொண்டிருக்கிறது. வாயு உண்டாகும் வேகமும் இடம் விரியும் வேகமும் ஒன்றையொன்று துரத்தும் இந்தப் போட்டி, ஆயிரத்தில் ஓரிரு செக்கனுக்குள் முடிந்துவிடும். அமுக்கத்தின் உச்சம், சன்னம் ஓரிரு அங்குலம் நகர்ந்திருக்கும்போதே வந்துவிடுகிறது.

சன்னம் பாரமாக இருந்தால் அதன் திணிவு கூட. எனவே அது தாமதித்தே நகரும். இடம் மெதுவாக விரிவதால் வாயு நெரிபட்டு அமுக்கம் ஏறும். இங்கேதான் பவுடரின் குணம் குறுக்கிடுகிறது: அமுக்கம் கூடக்கூட அது எரியும் வேகமும் கூடும். வியேயின் பெயரால் வழங்கும் விதி சொல்வதும் இதையே. அமுக்கம் எரிதலை விரைவாக்க, எரிதல் அமுக்கத்தை ஏற்ற, ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு போகும் இந்தச் சுழலை எல்லைக்குள் வைத்திருப்பதற்காகவே மெதுவாக எரியும் பவுடரைத் தேர்ந்தெடுக்கிறோம். அது உச்சத்தைத் தாழ்த்துகிறது. உச்சத்துக்குப் பின்னரும் குழலின் நீளம் முழுவதும் வாயுவைத் தந்து சன்னத்தைத் தள்ளிக்கொண்டே போகிறது.

ஆடிவேல் விழாவில் காலி வீதியில் தேர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வடத்தைப் பிடித்தவர்கள் எல்லோரும் ஒரே வெட்டாக இழுத்தால் தேர் நகருமுன் வடம் அறுந்துவிடும். மெல்லப் பாரம் ஏற்றி, விடாமல் இழுத்தால் அவ்வளவு பெரிய தேரும் அசைந்து ஓடத் தொடங்கும். வேகமான பவுடர் வெட்டி இழுப்பது போன்றது. மெதுவான பவுடர் விடாமல் இழுப்பது போன்றது. அறுபடக்கூடிய வடமாக இங்கே இருப்பது, நம் கன்னத்தோடு ஒட்டியிருக்கும் உருக்கு.

அந்த உருக்குத் தாங்குவது எவ்வளவு என்பதையும் எண்ணிப்பாருங்கள். பெற்றோல் நிலையத்தில் கார்ச் சில்லுக்குச் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 இறாத்தல் அமுக்கத்தில் காற்று அடிக்கிறோம். .308 வின்செஸ்டர் ரவைக்கு அமெரிக்கத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அமுக்கம் 62,000 இறாத்தல்; .30-06 க்கு 60,000; .223 ரெமிங்டனுக்கு 55,000, பழைய.303 பிரிட்டிஷுக்கு 49,000. சில்லின் அமுக்கத்தைப்போல் ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு, முகத்திலிருந்து சில அங்குலத் தூரத்தில்.

பாரமான சன்னம் மெதுவாகத்தான் போகும் என்றால் அதனால் என்ன பயன்?

இந்த நாட்டில் பொலிஸும் படையும் நெடுங்காலம் வைத்திருந்த .303 ரைபிளையே எடுத்துக்கொள்வோம். அதன் பழைய ரவையில் 215 கிரெய்ன் மழுங்கிய முனைச் சன்னம் செக்கனுக்கு ஏறக்குறைய 2,000 அடி வேகத்தில் புறப்பட்டது. 1910 இல் வந்த ஏழாம் மார்க் ரவையில் 174 கிரெய்ன் கூர்முனைச் சன்னம் 2,440 அடி வேகத்தில் புறப்பட்டது. உந்தத்தைக் கணக்கிட்டால் இரண்டும் ஏறக்குறைய சமம். இயக்க சக்தியோ முதலாவதில் ஏறக்குறைய 2,600 யூல், இரண்டாவதில் ஏறக்குறைய 3,100 யூல். புறப்படும் இடத்தில் இலேசான சன்னமே வெல்கிறது.

பாரமான சன்னத்தின் பலம் தூரத்தில் தெரியும். ஒரே விட்டத்தில், ஒரே வகை வடிவத்தில் பாரம் கூடினால் சன்னம் நீளும். நீண்ட சன்னம் காற்றை எதிர்த்துத் தன் வேகத்தைக் கூடுதலாகக் காத்துக்கொள்ளும். பக்கக்காற்று அதைக் குறைவாகவே தள்ளும். வேட்டையில் அது ஆழமாகவும் இறங்கும். நோர்வேயில் மூஸ் போன்ற பெரிய விலங்குக்குச் சன்னம் 9 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். 9 முதல் 10 கிராம் வரையான சன்னத்துக்கு 100 மீற்றரில் 2,700 யூல் கேட்கும் அதே சட்டம், 10 கிராமுக்கு மேற்பட்டதற்கு 2,200 யூல் போதும் என்கிறது. பாரத்துக்குத் தனி மதிப்பு உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

ஒரு பவுடரை மெதுவானதாக ஆக்குவது எது?

ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்சம் பவுடரைக் கொட்டிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். உடைத்த பென்சில் கரியைச் சிறு துண்டுகளாக நறுக்கியது போன்ற கருஞ்சாம்பல் குச்சிகள் ஒரு வகை. கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு குச்சியின் நடுவிலும் ஊசி முனையளவு துளை இருக்கும். கேழ்வரகைவிடச் சிறிய உருண்டைகள் இன்னொரு வகை. சற்றே நசுக்கப்பட்ட உருண்டைகளும் உண்டு. விரலில் ஒட்டும் பளபளப்பான கரி, நிலைமின் சேராதிருக்கவும் தடையின்றிக் கொட்டவும் பூசப்பட்ட காரீயம்; ஈயம் அல்ல, பென்சிலில் இருக்கும் கிராபைற்.

பவுடர் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரியும். துளையில்லாத உருண்டை எரிய எரியச் சிறுத்துப்போவதால் வாயுவும் குறைந்துகொண்டே வரும். நடுத்துளை உள்ள குச்சியில் வெளிப்பரப்புச் சிறுக்கும்போதே துளையின் பரப்பு விரிவதால், எரியும் பரப்பு ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். இதோடு, குச்சியின் வெளிப்புறத்தில் எரிதலைத் தணிக்கும் இரசாயனப் பூச்சு ஒன்று ஊறவைக்கப்பட்டிருக்கும். தொடக்கத்தில் மந்தமாகவும் போகப்போக விரைவாகவும் எரியச் செய்வது அந்தப் பூச்சே. உருண்டைப் பவுடர் தன் வடிவத்தின் குறையை ஈடுசெய்ய அந்தப் பூச்சைப் பெரிதும் நம்பியிருக்கிறது. பொதுவாக, பெரிய மணியும் கனத்த பூச்சும் உள்ளது மெதுவானது. ஆனால் கண்ணால் பார்த்து வேகத்தைச் சொல்லிவிட எவராலும் முடியாது.

எரிவேக அட்டவணையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?

அந்த அட்டவணை பவுடர்களை வேகமானதிலிருந்து மெதுவானது வரை வரிசைப்படுத்தும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. அடுத்தடுத்த இரண்டு பவுடர்களுக்கிடையே உள்ள இடைவெளி ஓரிடத்தில் மயிரளவாகவும் இன்னோரிடத்தில் முழங்கையளவாகவும் இருக்கும். மூடிய கலத்தில் எரித்து அளந்த வரிசை, உங்கள் கோதுக்குள் அப்படியே நடக்கும் என்ற உறுதியும் இல்லை. எந்த வட்டாரத்தில் தேடுவது என்பதற்கு அது உதவும். அட்டவணையில் பக்கத்தில் இருப்பதால் ஒன்றின் அளவை மற்றதற்கு எடுத்துக்கொள்பவர் உயிரோடு விளையாடுகிறார்.

"மாமா, அப்படியென்றால் என் ரைபிளுக்கு எந்தப் பவுடர்?"

ஒஸ்லோவில் இருக்கும் என் மருமகன் 6.5×55 என்ற ரவைக்கான ரைபிள் வைத்திருக்கிறான், அவன் கேட்டதற்கு நான் கொடுத்த விடையே எல்லோருக்கும் பொருந்தும். இரண்டைப் பார்க்கவேண்டும் என்றேன்: சன்னத்தின் பாரம், கோதின் கொள்ளளவுக்கும் குழலின் வாய்க்கும் உள்ள விகிதம். பெரிய கோதும் ஒடுங்கிய குழலும் உள்ள ரவை, வாய் சிறுத்த பெரிய குடம் போன்றது. வாயு வெளியேற வழி ஒடுக்கமென்பதால் இன்னும் மெதுவான பவுடரைக் கேட்கும்.

.308 வின்செஸ்டரில் 165 முதல் 180 கிரெய்ன் வரையான சன்னத்துக்குப் பலரும் எடுப்பது வார்கெட், ஐஎம்ஆர் 4064, விட்டாவூரி என் 140, என் 150 போன்ற நடுத்தரப் பவுடர்கள். அதே விட்டத்தில் பெரிய கோது கொண்ட .30-06 இல் 180 கிரெய்னும் அதற்கு மேலும் என்றால் 4350 வகையும் 4831 வகையும் பொருந்தும். .300 வின்செஸ்டர் மெக்னத்தில் 200 கிரெய்ன் என்றால் எச் 4831, எச் 1000 வரை போவார்கள். 6.5 கிரீட்மோரில் 140 கிரெய்னுக்கு எச் 4350 மிகப் பரவலானது. மருமகனின் 6.5×55, 1890களில் சுவீடனும் நோர்வேயும் சேர்ந்து ஏற்றபோதே 156 கிரெய்ன் நீள்சன்னத்துக்காகச் செய்யப்பட்டது. 140 முதல் 160 கிரெய்ன் வரையான சன்னத்துக்கு விட்டாவூரி என் 160, ரிலோடர் 22, 4831 வகை ஆகியவை அதற்கு ஏற்றவை. ஆனால் அவன் ரைபிள் பழைய இராணுவ ரைபிளா நவீன ரைபிளா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். பழையதற்குக் குறைந்த அமுக்க அளவுகளையே எடுக்கவேண்டும்.

ஒரே சன்னத்துக்கு அட்டவணையில் எட்டுப் பவுடர்கள் இருக்கும். அதிகூடிய வேகம் தருவதை எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நான் பார்ப்பது வேறு: முழு அளவில் கோதை ஏறக்குறைய நிரப்புகிறதா, வெப்பநிலை மாறும்போது நிதானமாக நிற்கிறதா, அந்த ஊரில் தொடர்ந்து கிடைக்கிறதா. கோதை நிரப்பும் பவுடரில் இன்னொரு காப்பும் உண்டு. கவனப் பிசகால் இரண்டு தடவை ஊற்றினால் வழிந்து கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பாரமான சன்னம் என்றால் எப்போதும் மெதுவான பவுடர்தானா?

ஒரே கோதுக்குள், ஒரே விட்டத்துக்குள் ஒப்பிடும்போதுதான் அந்த விதி நிற்கும். .45-70 ரவையில் 405 கிரெய்ன் சன்னம் உண்டு; .308 சன்னத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பாரம். ஆயினும் அதற்கு ஐஎம்ஆர் 3031, 4198 போன்ற விரைவான பவுடர்களே பொருந்துகின்றன. குழல் அகலமானது, கோது நேரானது, அமுக்க எல்லையும் தாழ்ந்தது. மிக மெதுவான பவுடர் அங்கே எரிந்து முடியாமல் வாய்வழியே சிதறும்.

ஒரே இலக்கம் போட்டிருந்தால் ஒரே பவுடர்தானே?

இதை அழுத்திச் சொல்லவேண்டும்: இல்லை. ஐஎம்ஆர் 4831 உம் எச் 4831 உம் வேறு வேறு, முதலாவது விரைவானது. எச் 4831 க்குரிய முழு அளவை ஐஎம்ஆர் 4831 இல் இட்டால் அமுக்கம் எல்லை கடக்கும். 4895 என்ற இலக்கத்திலும் 4350 என்ற இலக்கத்திலும் இதே இரட்டைப் பெயர்கள் உண்டு. மறுபுறம், வேறு பெயரில் ஒரே பவுடரும் விற்கப்படுகிறது. நியூ சவுத் வேல்ஸில் முல்வாலாவில் உள்ள தொழிற்சாலை செய்யும் ஏஆர் 2208 அமெரிக்காவில் வார்கெட் என்றும், ஏஆர் 2209 அங்கே எச் 4350 என்றும், ஏஆர் 2217 அங்கே எச் 1000 என்றும் பெயர் பெறுகின்றன.

அந்த 2208 உம் 2209 உம் எனக்குத் தந்த பாடம் இது. ஒரு மாலை .30-06 க்கு ரவை நிரப்பிக்கொண்டிருந்தபோது கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது, அம்மாவுக்குச் சுகமில்லை. அப்படியே எழுந்து போய்விட்டேன். மறுநாள் வந்து பார்த்தால், பவுடர் ஊற்றும் குடுவையில் கால்வாசி பவுடர் நிற்கிறது; மேசையில் இரண்டு போத்தல்களும் இருக்கின்றன. விரலில் எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே கருஞ்சாம்பல் குச்சிகள், எந்த வேற்றுமையும் தெரியவில்லை. 2209 தான் என்று மனம் சொல்லியது. ஆனால் அது 2208 ஆக இருந்து, 2209 க்குரிய அளவில் 180 கிரெய்ன் சன்னத்தின் பின்னால் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணியபோது உடல் நடுங்கியது. குடுவையில் இருந்ததை மட்டுமன்றி, முந்தின மாலை நிரப்பிய ரவைகளையும் பிரித்து, அந்தப் பவுடர் முழுவதையும் கழித்தேன். அன்றிலிருந்து மேசையில் ஒரு நேரத்தில் ஒரு போத்தல் மட்டுமே. எழுந்து போகுமுன் குடுவையிலுள்ளது அதன் போத்தலுக்குத் திரும்பிவிடும்.

அட்டவணையில் 180 கிரெய்ன் என்று இருக்கிறது, என் சன்னமும் 180 கிரெய்ன், வேறு நிறுவனத்தினது. பரவாயில்லையா?

எடை ஒன்றாக இருந்தாலும் நீளம் வேறாக இருக்கலாம். முழுச் செப்பால் ஆன சன்னம், ஈயம் உள்ளே வைத்த சன்னத்தைவிட அதே எடையில் நீளமானது, ஏனெனில் செப்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. நீளமான சன்னம் கோதுக்குள் ஆழமாக இறங்கிப் பவுடருக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய பள்ளங்களான புரிகளோடு உராயும் பரப்பும் மாறும். இரண்டும் அமுக்கத்தை மாற்றும். எனவே அதே சன்னத்துக்கு வெளியிட்ட அளவைத் தேடவேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் பாரத்தைக் கூட்டுவதால் பயனில்லாமல் போவதும் இதனாலேயே: சன்னமே கோதை அடைத்துக்கொண்டால் மெதுவான பவுடருக்கு இடம் எங்கே?

ரைபிள் எந்தப் பாரத்தையும் ஏற்குமா?

ஏற்காது. சன்னத்தைச் சுழலவைத்து நேராகப் பறக்கச் செய்வது குழலின் புரி; அது எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பதே எல்லை. .223 இல் 12 அங்குலச் சுற்று 55 கிரெய்னுக்குப் போதும். 77 கிரெய்னுக்கு 8 அங்குலம் அளவில் வேண்டும். 1879 இல் கிரீன்ஹில் தந்த எளிய கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, அதை 150 ஆல் பெருக்கி, சன்னத்தின் நீளத்தால் வகுக்கவேண்டும். 0.308 அங்குல விட்டமும் 1.25 அங்குல நீளமும் என்றால் விடை ஏறக்குறைய 11.4 அங்குலம்; 10 அல்லது 11 அங்குலச் சுற்றுள்ள குழல் அதைத் தாங்கும். கணக்கில் பாரம் வரவேயில்லை, நீளமே வருகிறது என்பதைக் கவனியுங்கள். பவுடர் வாங்குமுன் இதைப் பார்த்துவிட்டால் காசு மிஞ்சும்.

உதை குறைய, மெதுவான பவுடரைப் பாதியளவு இடலாமா?

ஒருபோதும் வேண்டாம். அட்டவணையின் தொடக்க அளவுக்குக் கீழே மெதுவான பவுடரைக் குறைக்கக்கூடாது என்று உற்பத்தியாளர்களே எச்சரிக்கிறார்கள். பெரிய கோதில் கொஞ்சப் பவுடர் படுத்துக் கிடக்கும்போது தீப்பற்றுதல் ஒழுங்காக நடவாமல், அமுக்கம் எதிர்பாராமல் எகிறித் துவக்குகள் சிதைந்த நிகழ்வுகள் உண்டு. உதை குறையவேண்டுமென்றால் இலேசான சன்னத்தை எடுக்கலாம். அல்லது குறைந்த அளவுக்கென்று உற்பத்தியாளரே அட்டவணை தந்திருக்கும் பவுடரை எடுக்கலாம்.

தொடங்குவது எப்போதும் அட்டவணையின் தொடக்க அளவில். அங்கிருந்து சிறுசிறு படியாக ஏறி, முழு அளவுக்கு முன்னரே அமுக்கம் கூடிய அடையாளங்கள் தெரிந்தால் அங்கேயே நிற்கவேண்டும்.

அமுக்கம் கூடிவிட்டதை எப்படி அறிவது?

ரவையைக் குழலின் பின்புறத்தில் பூட்டிவைக்கும் போல்ட்டைத் தூக்கக் கடினமாக இருத்தல், பிரைமர் தட்டையாகிப் பரவுதல், கோதின் அடியில் பளபளப்பான தழும்பு விழுதல் ஆகியவற்றைச் சொல்வார்கள். இவை தெரிந்தால் உடனே நிறுத்தவேண்டும். தெரியாததால் பாதுகாப்பு என்று கொள்ளக்கூடாது, ஏனெனில் பல ரைபிள்களில் எல்லை கடந்த பின்னரே இவை தோன்றுகின்றன. நான் நம்பியது வேகமானியை. அட்டவணை சொல்லும் வேகத்தைவிட என் சன்னம் கூடிய வேகத்தில் போனால், குழலின் நீளத்தைக் கணக்கில் எடுத்த பின்னரும் அப்படியென்றால், அமுக்கமும் கூடிவிட்டது என்றே எடுத்துக்கொள்வேன். வேகத்தை எவரும் இனாமாகத் தருவதில்லை.

வெப்பம் எவ்வளவு பாதிக்கும்?

சூடான பவுடர் விரைந்து எரியும். மருமகன் பங்குனி மாதக் குளிரில் எல்லை வரை ஏற்றிவைத்த ரவையை ஆவணி மாத வெயிலில் சுட்டால், அது எல்லையைத் தாண்டக்கூடும். கோடையில் சோதித்து அளவை உறுதிசெய் என்றேன். வெப்பநிலை மாற்றம் குறைவாகப் பாதிக்கும்படி செய்த பவுடர்களும் உண்டு. முல்வாலாவில் செய்யப்படும் குச்சிப் பவுடர்கள் அதற்குப் பெயர்பெற்றவை. குறைவு என்பது இல்லை என்பதாகாது.

கொழும்பில் தொழிற்சாலை ரவையோடு பயிற்சிக்குப் போகும் நண்பர்களுக்கும் இது பொருந்தும். நிழலில் 30 பாகை செல்சியஸ் இருக்கும் நாளில், வெயிலில் நிறுத்திய காருக்குள் 50 பாகையைத் தாண்டும். ரவைப் பெட்டியைக் காரில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். சுட்டுச் சூடேறிய குழலின் பின்புற அறைக்குள் ரவையை இட்டுவைத்துக்கொண்டு நெடுநேரம் குறிபார்க்கவும் வேண்டாம்.

பழைய பவுடரை வைத்திருக்கலாமா?

மூடிய போத்தலில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில், வந்த கலத்திலேயே வைத்தால் பல ஆண்டுகள் நிற்கும். நைத்திரோசெலுலோசு காலப்போக்கில் தானே சிதைந்து அமில வாயுவை விடும். அதை உறிஞ்சிக்கொள்ள ஒரு நிலைப்படுத்தி சேர்க்கப்பட்டிருக்கும். அது தீர்ந்ததும் சிதைவு விரையும். நல்ல பவுடரின் மணம் மெல்லிய ஈதர் மணம். மூடியைத் திறந்ததும் மூக்கில் குத்தும் புளிப்பு மணமோ, செம்பழுப்புத் தூசியோ புகையோ தெரிந்தால் அது கெட்டுவிட்டது. சூடேறித் தானே தீப்பற்றவும் கூடும்.

மெல்பேணை விட்டுப் புறப்படுமுன், என்னிடம் மிஞ்சியிருந்த போத்தல்களை முத்திரையோடு இருந்தவை, திறந்தவை என்று இரண்டாகப் பிரித்தேன். முத்திரையோடு இருந்தவற்றை உரிமம் உள்ள கழக நண்பரிடம் முறைப்படி கொடுத்தேன். திறந்தவற்றை எவருக்கும் கொடுக்கவில்லை. வேறொருவர் திறந்த போத்தலில் உள்ளது பெயர்ச்சீட்டில் உள்ளதுதானா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? உற்பத்தியாளர் சொல்லியபடி, வீட்டிலிருந்து தள்ளிய புல்வெளியில் கைப்பிடி கைப்பிடியாக மெல்லியதாகத் தூவினேன். நைதரசன் உள்ளதால் புல்லுக்கு அது உரமாகும். அடுத்த மழைக்குப் பிறகு அந்த இடம் மட்டும் கரும்பச்சையாக இருந்தது.